தறி நின்ற மத்தியானம்

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். செவிலிமேட்டில் சொந்தப் பட்டறை போட்டேன். பழைய இரும்பாகக் கிடந்த, இரும்பைச் செதுக்கும் மில்லிங் மெஷினை ஓட வைத்தேன். மாடிவீடும் கட்டினேன். ஒருத்தரும் கைகொடுக்கவில்லை.

மெஷினில் இரும்பு பிளேட் மட்டமாக உட்கார்ந்திருக்கிறதா என்று டயல் கேஜ் வைத்துப் பார்ப்போம். அதைப் பிடித்துக்கொள்ள மலிவாக ஒரு ஸ்டாண்டு வாங்கியிருந்தேன். கேஜின் முள் ஓயாமல் நடுங்கியது. இரண்டு பிளேட் வீணாகிவிட்டது. இன்னொன்றும் போனால் கம்பெனி ஆர்டரே போய்விடும். சுவருக்கு அந்தப் பக்கம் நெய்கிற சரோஜாவின் தறிதான் காரணம் என்று சண்டைக்குப் போனேன்.

"ஏண்ணா, என் தறி அடிச்சா உங்க மெஷினுக்குக் குளிர்ஜொரம் வருதா? நாளைக்குக் குடுக்கவேண்டிய கல்யாணப் பொடவ இது. சரி, நிறுத்திக்கினு ஒக்காந்திருக்கேன். போய்ப் பாருங்க."

தறி நின்றது. தெருவே தண்ணீருக்குள் இறங்கிவிட்டது போல ஓர் அமைதி. ஜன்னல் வெயிலில் தூசு மெல்ல நீந்தியது. கனவில் நடப்பவன் போல மெஷின் மேசையை நகர்த்தினேன். முள் அப்போதும் தூண்டில் தக்கை மாதிரி ஆடியது. கேஜைத் தாங்கியிருந்த ஸ்டாண்டின் கையை விரலால் தொட்டேன். ஈர்க்குச்சி போல வளைந்தது.

அன்றைக்கே தடித்த கம்பியில் கையைக் குட்டையாகச் செய்து, போல்ட்டால் இறுக்கும் பிடியும் போட்டேன். சரோஜா மறுபடி தறி அடித்தாள், முள் அசையவில்லை.

இப்போதெல்லாம் கோபம் வந்தால், முதலில் என் கையில் இருப்பதைத் தொட்டுப் பார்க்கிறேன். தறியை நிறுத்தியதால்தான் என் மெஷின் சரியானது என்று சரோஜா ஊரெல்லாம் சொல்கிறாள். அது பாதி உண்மை, மறுக்கவில்லை. ஆனால் ஸ்டாண்டைத் திருத்தியவன் நான். அதைப் பார்த்துச் செய்துகொள்கிற பட்டறைக்காரர்கள் என் பெயரையும் சொல்லியாக வேண்டும்.