குங்குமம் வைத்த பென் டிரைவ்

என் ஆய்வு நெறியாளரின் மேஜை இழுப்பறையில் ஒரு வெள்ளைப் பென் டிரைவ் இருந்தது. மஞ்சள் கயிறு கட்டியிருப்பார். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை குங்குமம் வைத்து வைத்து அதன் மூடி இடுக்கில் சிவப்புப் பொடி அப்பிக் கிடக்கும். முனைவர் பட்டத்துக்குப் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நல்ல நேரம் பார்த்து அதைக் கொடுப்பார். "வலது கையால வாங்கிக்கோ" என்பார். உள்ளே இருந்தது மேற்கோள் பட்டியல், முந்தைய மாணவரின் ஆய்வேட்டிலிருந்து அப்படியே எடுத்தது. அதை நம் ஆய்வேட்டின் கடைசியில் ஒட்டி, சொந்தமாக நாலைந்து சேர்த்து, திருப்பித் தந்துவிட வேண்டும். மயிலாப்பூரில் இருந்த அந்தத் துறையில் இதுதான் வழக்கம். பட்டியலில் உள்ளதை யாராவது படித்தார்களா என்று கேட்பது அங்கே அநாகரிகம்.

கொட்டிவாக்கத்துக் கிணறுகளில் கடல் உப்பு ஏறுவது பற்றியது என் ஆய்வு. அந்தக் கரையில் உப்பு ஏறுவதே இல்லை என்று அந்தப் பட்டியலில் இருந்த ஒரு கட்டுரை நிறுவிவிட்டதாக எனக்கு முன்னால் எழுதிய எல்லோரும் சொல்லியிருந்தார்கள். நான் அளந்த கிணறுகளோ வேறு கதை சொல்லின. அதை எழுதியவர் எப்படித்தான் அளந்தார் என்று பார்க்கத் தேடினேன். இதழின் இணையதளத்தில் அந்தத் தொகுதி முழுதும் இருந்தது, கட்டுரை மட்டும் இல்லை. பட்டியல் சொன்ன பக்க எண் வருவதற்கு முன்பே தொகுதி முடிந்துவிட்டது. அப்படி ஓர் ஆசிரியர் எழுதிய ஒரு வரிகூட வேறெங்கும் கிடைக்கவில்லை. யாரோ இட்டுக்கட்டியதை இத்தனை பேர் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கியிருக்கிறார்கள்.

நெறியாளர் சாரிடம் காட்டினேன். "பட்டியல்ங்கறது கல்யாணப் பந்தி மாதிரிம்மா. இலையில எல்லாம் இருக்கணும். எல்லாத்தையும் சாப்பிடணும்னு யார் சொன்னா? ஆத்துக்குப் போய் பேசாம சேர்த்துண்டு வா." சேர்க்க மாட்டேன் என்றேன். கையெழுத்துப் போட மாட்டேன் என்றார், போடவும் இல்லை. வேறு கல்லூரி, வேறு நெறியாளர், மறுபடியும் பதிவு என்று நான் அலைந்துகொண்டிருந்தபோது, பந்தியில் பேசாமல் உட்கார்ந்தவர்களெல்லாம் வேலைக்குப் போய்விட்டார்கள். சார் ஓய்வு பெற்றபோது மேடையில் பொன்னாடை குவிந்ததாம். நான் போகவில்லை.

இன்று அடையாறில் ஒரு கல்லூரியில், இணையத்தில் ஆதாரம் தேடுவது எப்படி என்று பாடம் நடத்துகிறேன். போன வாரம் ஒரு மாணவி தந்த கட்டுரையில் அதே ஆசிரியர் பெயர், அதே பக்க எண்.

"இது எங்கேம்மா கிடைச்சுது?"

"நெட்லதான் மேம். நிறைய பேர் மேற்கோள் காட்டிருக்காங்க. ஏஐ கிட்ட கேட்டேன், அழகா சுருக்கமும் குடுத்துச்சு."

"கட்டுரையைத் திறந்து பாத்தியா?"

"லிங்க் ஓப்பன் ஆகலை மேம்."

இல்லாத கட்டுரைக்குச் சுருக்கம். எந்தக் கிணறு, என்ன முறை எல்லாம் அதில் இருந்தது. சீ என்று வந்தது எனக்கு.

"கொட்டிவாக்கம் போயிருக்கியா நீ?"

"எங்க வீடே அங்கதான் மேம்."

"கிணத்துத் தண்ணி எப்படி இருக்கும்?"

"வாயில வைக்க முடியாது மேம், அவ்ளோ உப்பு. குடிக்க கேன் தண்ணிதான்."

"அப்புறம் ஏன் உப்பே இல்லைன்னு எழுதினே?"

"சோர்ஸ் அப்படித்தானே மேம் சொல்லுது."

அந்தக் குங்குமப் பென் டிரைவை இனி யாரும் யாருக்கும் கொடுக்க வேண்டியதில்லை. அதில் இருந்த பொய் இணையம் வழியே கொட்டிவாக்கம் வரை தானாகவே வந்து சேர்ந்துவிட்டது. தாள்களைத் திருப்பிக் கொடுத்தேன். நாளைக்கு வரும்போது வீட்டுக் கிணற்றிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டு வரச் சொன்னேன்.