இடது சிக்னல்

ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றியதும் பழைய கிரீஸ் வாடை வந்தது. நேற்று, ரிங்லெட் மலையூரில் எங்கள் வீட்டு வாசலில், பேட்டரி வயரை எடுத்துவிட்டுக் காரின் சிக்னல் சுவிட்ச்சை நானே மாற்றிக்கொண்டிருந்தேன். பட்டறைக்குக் கொண்டுபோயிருக்கலாம். எப்படி உடைந்தது என்று கேட்பார்கள்.

அந்த வாடை என்னை முனியாண்டி அண்ணனின் லோரிக்குப் பின்னால் கொண்டுபோய் விட்டது. அப்போது நான் தோட்டப் பள்ளிக்குப் புதிதாக வந்த ஆசிரியை. காரோ பழசு, ஓட்டும் கை புதுசு. காலைப் பனிமூட்டத்தில் அவருடைய தேயிலை லோரிக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டே போவேன். முன்னால் சாலை காலியாக இருந்தால் அண்ணன் இடது சிக்னல் போடுவார். முந்திக்கொண்டு போகலாம் என்று அர்த்தம். எதிரே வண்டி வந்தால் வலது. மலையில் அன்றைய லோரிக்காரர்கள் எல்லாருக்கும் இதுதான் வழக்கம். நானோ இடது எரிந்தாலும் முந்தமாட்டேன். ஒருநாள் சாப்பாட்டுக் கடையில் பிடித்துக்கொண்டார்.

“நான் ரோட்டப் பாத்துட்டுத்தான டீச்சர் லெப்ட்டு போடுறேன்? நீங்க பள்ளிக்கூடம் விட்டப்புறந்தான் போய்ச் சேருவீங்க போல லா.”

கடையே சிரித்தது. மறுநாள் முந்தினேன். அதன்பின் ஒருமுறைகூட அந்த விளக்கு என்னை ஏமாற்றவில்லை. என் மகள் தேவி லைசென்ஸ் எடுத்தபோது இதையும் சொல்லிக்கொடுத்தேன், பெருமையாக.

போன வாரம் கோலா தெர்லா மலைச்சாலையில் ஒரு காய்கறி லோரிக்குப் பின்னால் அவள் ஓட்டினாள், நான் பக்கத்தில். லோரியில் இடது சிக்னல் எரிந்தது. முந்தினாள். எதிரே பஸ். அவள் ஸ்டியரிங்கை ஒடித்த வேகத்தில் கை பட்டு சிக்னல் தண்டு முறிந்தது. கார் வலது ஓரத்து மண்ணில் இறங்கி நின்றது. பஸ் என் பக்கத்துக் கண்ணாடியை உரசிக்கொண்டு போயிற்று.

லோரிக்காரன் இறங்கி வந்தான். சின்ன வயது.

“சுவிட்ச் ரோசாக்கு, கெட்டுப்போச்சுக்கா. ரொம்ப நாளாவே லெப்ட்டு தானா எரிஞ்சிக்கிட்டுதான் இருக்கு. நான் எங்க உங்கள வரச் சொன்னேன்?”

அப்படி ஒரு வழக்கம் இருந்ததே அவனுக்குத் தெரியவில்லை.

தேவி வீட்டு வாசலில் ஒன்றே ஒன்று சொன்னாள்: “நீங்கதானம்மா முந்தலாம்னு சொன்னீங்க.”

நேற்று புது சுவிட்ச்சை மாட்டி, சிக்னலைப் போட்டு, ஸ்டியரிங்கைத் திருப்பி நேராக்கிப் பார்த்தேன். தண்டு டக்கென்று தன் இடத்துக்கு வந்தது. சாவியை நீட்டினேன். தேவி வாங்கவில்லை.

நானே எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கொஞ்ச தூரத்தில் ஒரு லோரி, இடது சிக்னல் எரிய. அணைக்கட்டு வரை அதன் பின்னாலேயே ஊர்ந்தேன். பின்னால் யாரோ ஹார்ன் அடித்துக்கொண்டே வந்தார்கள். முனியாண்டி அண்ணன் இருந்தால் மறுபடி கேலி செய்திருப்பார். ஆனால் முன்னால் போகிறவர் யாரும் இப்போது எனக்காக ரோட்டைப் பார்ப்பதில்லை.