செம்மேட்டு மில்லின் ஆட்டம்

கொல்லிமலைச் செம்மேட்டில் மாவு மில் வாங்கியது பக்ருதீன். ஓட்டியது அவர் மனைவி தில்ஷாத் பேகம். இப்படி ஆகும் என்று இருவருமே நினைத்திருக்கவில்லை.

காளப்பநாயக்கன்பட்டியில் மிளகும் காப்பிக்கொட்டையும் வாங்கி விற்றுக்கொண்டிருந்தார் பக்ருதீன். வாரத்தில் பாதி நாள் மலையில்தான் கிடக்கிறோம், அங்கேயே ஒரு தொழிலைப் போட்டால் என்ன என்று 1998-ல் அவருக்குத் தோன்றியது. செம்மேடு பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த பழைய மில்லை எடுத்து, ஓட்டுவதற்கு ஆளும் வைத்தார். இரண்டாம் மாதமே அந்த ஆள் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான்.

"வேற ஆள் கிடைக்கிற வரைக்கும் நீ பாத்துக்க, தில்ஷாத்" என்றார்.

தில்ஷாத்துக்கு அப்போது முப்பத்தாறு வயது. பதினைந்து வருடம் தையல் மிஷின் மிதித்தவள். மிஷினின் ஓட்டத்தில் சின்ன மாற்றம் வந்தாலும் அவள் காலுக்கு முதலில் தெரியும், காதுக்கு அப்புறம்தான். மில்லில் உட்கார்ந்த ஒரு வாரத்தில் கல்லை இறுக்குவது, பெல்ட்டுக்கு மெழுகு போடுவது எல்லாம் கைவந்துவிட்டது. ராகி அரைக்க வந்த பெண்கள் அவளைப் 'பாயம்மா' என்று கூப்பிட்டார்கள். ஆள் தேடுகிற பேச்சு அதோடு நின்றது.

ஒரே ஒரு தொல்லை இருந்தது. மில் ஆடியது.

ஆயில் இன்ஜின் பின்பக்கக் கொட்டகையில் இருந்தது. அங்கிருந்து பத்தடி நீள இரும்பு ஷாப்ட் ஒன்று சுவரை ஒட்டி ஓடி, முன்னறையில் இருந்த அரைவை மிஷினைச் சுற்றியது. ஷாப்ட்டை இரண்டு முனையிலும் இரண்டு பேரிங்குகள் தாங்கின. இன்ஜின் வேகம் பிடித்ததும் ஷாப்ட்டின் நடுப்பகுதி கயிறு சுற்றுவது போல வெளியே பிதுங்கிச் சுற்றும். சுவர் தடதடவென்று அதிரும். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன அரசு அலுவலகம். அங்கே வேலை பார்த்தவர் சென்னியப்பன், பரமத்தியிலிருந்து மாற்றலாகி வந்த எழுத்தர்.

ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு அவர் மில் வாசலில் வந்து நின்றார். தலை முழுக்கச் சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது.

"ஏனுங்க பாயம்மா, நான் மாவரைக்க வரலீங்க. ஆனா மாவரைச்ச மாதிரி இருக்கறேன், பாத்தீங்களா?"

தில்ஷாத் சிரிப்பை அடக்க முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சிரிக்காதீங்க. கையெழுத்துப் போட்டா கோடு கோடாப் போகுது. அடுத்த சந்தைக்குள்ள இந்த ஆட்டத்தை நிறுத்துங்க. இல்லீன்னா மில்லை நிறுத்தச் சொல்லி எழுதிப் போட்டுருவேன்."

கோபக்காரர் அல்ல அவர். ஆனால் சொன்னால் செய்வார்.

பக்ருதீன் அடிவாரத்திலிருந்து லேத் பட்டறை அர்த்தனாரியைக் கூட்டி வந்தார். அர்த்தனாரி சுற்றிப் பார்த்துவிட்டு, "அஸ்திவாரம் பத்தலீங்க" என்றார். இன்ஜினுக்குக் கீழே மூன்று மூட்டை சிமெண்ட் போட்டுக் கெட்டிப்படுத்தினார்கள். காய்ந்ததும் ஓட்டிப் பார்த்தார்கள். சென்னியப்பன் மேஜையிலிருந்து இங்க் புட்டி கீழே விழுந்த சத்தம் இந்தப் பக்கம் கேட்டது.

"வாங்கினது வாங்கியாச்சு, வித்துத் தொலைச்சிரலாம்" என்றார் பக்ருதீன்.

"அதெல்லாம் முடியாதுங்க" என்றாள் தில்ஷாத். அவளுக்கே தன் குரலின் உறுதி ஆச்சரியமாக இருந்தது. மில் தனக்குப் பிடித்துப்போய்விட்டது என்பதை அந்த நிமிடத்தில்தான் அவள் தெரிந்துகொண்டாள்.

மறுநாள் தங்கை வீட்டு விசேஷத்துக்காக அடிவாரம் போக பஸ் ஏறினாள். பஸ் புறப்படாமல் இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னல் கண்ணாடிகள் எல்லாம் குளிரில் பல் நடுங்குவது போலக் கடகடவென்று அடித்துக்கொண்டன. டிரைவர் ஆக்சிலேட்டரை மிதித்தார். ஒரே நொடியில் கண்ணாடிகள் கப்சிப். வளைவு வந்தது, வேகம் குறைந்தது, மறுபடியும் கடகட. வளைவு தாண்டியது, அமைதி. கொல்லிமலைப் பாதையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். எழுபது வளைவிலும் அவள் அதையே கவனித்துக்கொண்டு போனாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் வாந்திக்கு எலுமிச்சம்பழம் நீட்டியது கூட அவள் கண்ணில் படவில்லை.

இன்ஜின் எவ்வளவு பலமாக ஓடுகிறது என்பது விஷயமில்லை. எந்த வேகத்தில் ஓடுகிறது என்பதுதான் விஷயம். ஏதோ ஒரு வேகம் மட்டும் அந்தக் கண்ணாடிக்குப் பிடித்த வேகம். அது வந்தால் ஆடுகிறது, தாண்டிவிட்டால் அடங்கிவிடுகிறது.

விசேஷத்தில் பாதிச் சாப்பாட்டோடு எழுந்து அடுத்த பஸ்ஸிலேயே மலை ஏறிவிட்டாள்.

மில்லில் இன்ஜினை மெதுவாக ஓடவிட்டாள். ஷாப்ட் நேராகச் சுற்றியது. கொஞ்சம் கூட்டினாள். ஆட்டம் தொடங்கியது. அரைக்கிற வேகத்துக்கு வந்தபோது சுவரே நடுங்கியது. யாராயிருந்தாலும் அங்கே பயந்து குறைத்திருப்பார்கள். தில்ஷாத் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் கூட்டினாள். ஆட்டம் உச்சத்துக்குப் போய், பிறகு மெல்ல மெல்ல அடங்கியது. அந்த வேகத்தில் ஷாப்ட் அசையாமல் நிற்பது போலச் சுற்றியது. கொட்டகையில் யாருமில்லாததால் அவள் தனியாகக் கை தட்டினாள்.

சந்தோஷம் ஒரு நாள்தான். மறுநாள் பொன்னாயி மாவுப் பாத்திரத்தோடு திரும்பி வந்தாள். வளப்பூரிலிருந்து வாராவாரம் வருகிறவள்.

"என்ன பாயம்மா, மாவு சுடுது? களி கிண்டுனா கருகுன வாசம் அடிக்குதுங்க."

கல் அதிவேகத்தில் சுற்றி மாவைச் சூடாக்கியிருந்தது. பழைய வேகத்துக்கே வந்தாக வேண்டும். அந்த வேகமோ ஷாப்ட்டுக்குப் பிடித்த வேகம். சந்தைக்கு இன்னும் மூன்று நாள்.

அன்று சாயங்காலம் ராகி அரைக்க ஜெசிந்தா வந்தாள். வள்ளியூர்க்காரி, உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். தில்ஷாத் நடந்ததையெல்லாம் சொன்னாள். ஜெசிந்தா கைப்பையிலிருந்து ஒரு மரஸ்கேலை எடுத்தாள்.

"எங்க கிளாஸ் பிள்ளைங்க என்னைய வெறுப்பேத்த இதத்தான் செய்யும்" என்று ஸ்கேலின் ஒரு முனையை மேஜை விளிம்பில் அழுத்திப் பிடித்து, மறுமுனையைச் சுண்டிவிட்டாள். அது தொய்வாக ஆடி ஓய்ந்தது. மறுபடி பலமாகச் சுண்டினாள். அதே தாளம்.

"பலமாச் சுண்டினாலும் மெதுவாச் சுண்டினாலும் அதுக்குன்னு உள்ள தாளத்துலதான் ஆடும், பாருங்க."

தில்ஷாத் ஸ்கேலை வாங்கினாள். வெளியே நீட்டியிருந்த பகுதியைப் பாதியாகக் குறைத்துச் சுண்டினாள். விர்ரென்று வண்டு போலப் பறந்தது. இன்னும் குறைத்தாள். சத்தம் இன்னும் கூர்மையானது. இருவரும் மாற்றி மாற்றிச் சுண்டிச் சிரித்தார்கள். திடீரென்று தில்ஷாத் சிரிப்பை நிறுத்தினாள்.

"டீச்சர், நீளம் குறைஞ்சா தாளம் வேகமாகுது."

"ஆமா."

"அப்ப என் ஷாப்ட்டைக் குட்டையாக்கிட்டா, அதோட தாளம் எங்கயோ மேல போயிரும். நான் அரைக்கற வேகம் அதைத் தொடவே தொடாது!"

"ஷாப்ட்டை வெட்டவா போறீங்க?"

"எதுக்கு வெட்டணும்? நடுவுல பிடிச்சுக்கிட்டாப் போதாதா?"

 ஜெசிந்தா அந்த ஸ்கேலைத் தில்ஷாத்தின் கையிலேயே வைத்து மூடினாள். "இது உங்களுக்கு" என்றாள்.

சந்தைக்கு முந்தின நாள் அர்த்தனாரி ஒரு பேரிங்கோடு வந்தார். முகத்தில் நம்பிக்கை இல்லை. "ரெண்டே பேரிங் தாங்கற எடைங்க இது. மூணாவது எதுக்கு?" என்று கேட்டார்.

"எடையைத் தாங்கறதுக்கு இல்லீங்கண்ணா. நடுவு ஆடாம பிடிச்சுக்கறதுக்கு."

சுவரில் மாட்டக்கூடாது என்றும் சொன்னாள். தரையிலிருந்து தனியாக ஒரு இரும்புக் கால் எழுப்பி, அதன் மேல் பேரிங்கை வைத்தார்கள். சுவரில் இருந்த பழைய தாங்கிகளுக்கு அடியில் லாரி டயர் ரப்பரைத் தடிமனாக வெட்டிச் செருகினார்கள். மீதி அதிர்வு ஏதாவது இருந்தால் ரப்பர் குடித்துவிடும் என்பது அவள் கணக்கு. மூன்று பேரிங்கும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும் என்று நூல் பிடித்துப் பார்த்து அர்த்தனாரியை நான்கு முறை கழற்ற வைத்தாள். ஐந்தாவது முறை அவர் தானாகவே கழற்றினார்.

இன்ஜினைப் போட்டார்கள். மெதுவேகம் தாண்டியது. ஆட்டம் தொடங்கும் இடம் வந்தது. ஒன்றுமில்லை. அரைக்கிற வேகம் வந்தது. ஷாப்ட் வரைந்த கோடு போலச் சுற்றியது. தில்ஷாத் சுவரில் உள்ளங்கையை வைத்தாள். மெல்லிய சிலிர்ப்பு மட்டும் இருந்தது.

அர்த்தனாரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அவரைப் பொறுத்தவரை அது பெரிய பாராட்டு.

ஐந்து நிமிடம் கழித்து சென்னியப்பன் அவசரமாக ஓடி வந்தார். முகம் வாடியிருந்தது.

"ஏனுங்க, நான் சந்தை வரைக்கும்னுதானுங்க சொன்னேன். சுவரு அசையவே இல்லியேன்னு பாத்தேன், அதுக்குள்ள மில்லை நிறுத்தீட்டீங்களே! பாவம் பண்ணீட்டனோன்னு இருக்குதுங்க."

"ஓடுதுங்க சார்" என்றாள் தில்ஷாத்.

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். மாவு கொட்டிக்கொண்டிருந்தது. அரைவைச் சத்தம் மட்டும் சீராகக் கேட்டது. இரண்டு அடி பின்னால் வந்து அசையாத சுவரைப் பார்த்தார், மறுபடி உள்ளே பார்த்தார். பிறகு பெருஞ்சிரிப்பாகச் சிரித்து, அன்றே தன் வீட்டுக் கோதுமையைக் கொண்டு வந்து அரைத்துக்கொண்டு போனார்.

அடுத்த வருடம் அதே ஷாப்ட்டில் இன்னொரு பெல்ட் போட்டு சாமை உமி நீக்கும் மிஷின் ஒன்றையும் மாட்டினாள். உரலில் அரை நாள் குத்திய சாமை அரை மணியில் கையில் கிடைத்தது. முதல் நாள் பொன்னாயி தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இனி இந்தக் காய்ப்பெல்லாம் உதிர்ந்துரும், சாமி" என்றாள். அன்று மில் வாசலில் பெண்கள் பேசிச் சிரித்த சத்தம் மில் சத்தத்தை அமுக்கியது.

அர்த்தனாரி போகிற இடமெல்லாம் கதையைச் சொல்லிவிட்டார். 2002-ல் பேளுக்குறிச்சிப் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலையிலிருந்து அழைப்பு வந்தது. புதிதாகப் போட்ட ஷாப்ட் உதறி உதறி வாரம் ஒரு பேரிங்கைத் தின்றுகொண்டிருந்தது. தில்ஷாத்தும் பக்ருதீனும் போய் இறங்கினார்கள். ஆலைக்காரர் மாணிக்கம் பக்ருதீனை வணங்கி, "வாங்க பாய், நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்றார்.

"நான் பை தூக்க வந்தவனுங்க" என்றார் பக்ருதீன், பையை உயர்த்திக் காட்டி. "பாக்கறவங்க அவங்க."

மாணிக்கம் திகைத்தார். தில்ஷாத் அதைக் கவனிக்காத மாதிரி ஷாப்ட்டை மெதுவாகச் சுற்றச் சொன்னாள். ஒரு சாக்பீஸை அசையாமல் ஒரு தாங்கலில் வைத்து ஷாப்ட்டை உரசியும் உரசாமலும் நெருக்கினாள். நிறுத்திப் பார்த்தால் வெள்ளைக் கோடு முழு வட்டமாக இல்லை. ஒரு பக்கம் மட்டும் விழுந்திருந்தது.

"அந்தப் பக்கம் வளைஞ்சிருக்குதுங்க. லாரில இறக்கறப்ப எங்கியாவது போட்டீங்களா?"

மாணிக்கம் தன் ஆட்களைப் பார்த்தார். அவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

ஷாப்ட்டை அர்த்தனாரியின் லேத்தில் நிமிர்த்தி மாட்டிய நாளில் ஆலை முழுக்கச் சர்க்கரைப் பொங்கல் வைத்தார்கள். மாணிக்கத்தின் மனைவி சென்னம்மாள் தில்ஷாத்தைக் கையைப் பிடித்து உட்காரவைத்து முதல் இலையில் பரிமாறினாள். பக்ருதீனுக்கு இரண்டாவது இலை. அவர் மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, "அடுத்தது எந்த ஊருங்க, மேடம்?" என்றார்.