ஒரு கொறையும் இல்லீங்க

என் அக்கா எழில்மதி ஜெர்மனியில் சாக்கடைத் தண்ணீர் படிக்கிறாள். எங்கள் வீட்டில் இதை யாரும் இவ்வளவு நேராகச் சொன்னதில்லை. தெருவில் யாராவது கேட்டால் அம்மா "கம்ப்யூட்டரு" என்று சொல்லிவிடும். சாக்கடை என்று சொன்னால் எங்களைப் போன்றவர்களைப் பற்றி ஊர் என்ன நினைக்கும், அப்புறம் மாப்பிள்ளை எங்கிருந்து வருவான் என்பது அம்மாவின் கவலை.

சங்கராபுரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் எங்கள் ஊர் வந்துவிட்டதா என்று எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. ஜவ்வரிசி ஆலையின் ஓடை மூக்கில் ஏறியதும் இறங்கிவிடலாம். மலையில் விளைகிற மரவள்ளிக் கிழங்கு அங்கேதான் அரைபடுகிறது. வெள்ளிமலையில் மூட்டையை லாரியில் ஏற்றி, ஆலையில் கொண்டுவந்து இறக்குவது எங்கள் அப்பா தங்கதுரை. எங்களுக்குச் சோறு போடுவதும் அந்தக் கிழங்குதான், மூக்கைப் பொத்த வைப்பதும் அதுதான்.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அக்கா அந்த ஓடைத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து, மூடி வைத்து, குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பாள். இதிலிருந்து காஸ் எடுத்து அடுப்பு எரிக்கலாம் என்பாள். ஒருநாள் கல்யாணத்துக்குப் பட்டுப்புடவையோடு கிளம்பிய சித்தி மேல் அதை நான் சென்ட் என்று சொல்லித் தெளித்துவிட்டேன். சித்தி விளக்குமாற்றோடு என்னைத் துரத்தியது. அக்கா பாட்டில் காலியாகிவிட்டதே என்று அழுதாள். எங்கள் இரண்டு பேருக்கும் அதுதான் வித்தியாசம். பத்தாவதில் கணக்கும் நானும் பேசிப் பிரிந்துவிட்டோம். அவள் கல்லூரி முடித்து, பேங்கில் லோன் வாங்கி, பிளேன் ஏறினாள். மேல்படிப்பு முடித்துத் திரும்பி வந்து, நம் பக்கத்து ஆலைகளின் தண்ணீரைச் சுத்தம் செய்ய வேண்டும். அவளுக்கு வேறு ஆசை கிடையாது.

போன மார்கழியில், அவள் பகுதி நேரமாக வேலை பார்த்த பேக்கரியை மூடிவிட்டார்கள். வாடகைக்கு வழியில்லை. படிப்பைப் பாதியில் விட்டு ஊருக்கு வரவேண்டிய நிலைமை. இப்படி நடுவில் மாட்டிக்கொண்ட வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு உதவுகிற அறக்கட்டளை ஒன்று அவள் படிக்கிற ஊரில் இருந்தது. அங்கிருந்து ஓர் அம்மா வீடியோவில் குடும்பத்தோடு பேசி, வீட்டு நிலவரம் பார்த்து, முடிவு சொல்வார் என்றாள் அக்கா.

அதில் அம்மா பிடித்துக்கொண்டது ஒன்றைத்தான். வீட்டைப் பார்க்க ஆள் வருகிறது!

எங்கள் தெருவில் பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் எதிர்வீட்டு ராஜாம்பாள் அத்தையின் சிவப்பு சோபா கிளம்பிவிடும். மாப்பிள்ளை வீட்டார் தெருமுனை தாண்டியதும் திரும்பிப் போய்விடும். பாதித் தெருவுக்கு அந்த சோபாதான் கல்யாணம் முடித்து வைத்திருக்கிறது. அது இப்போது எங்கள் வீட்டுக்குள் வந்தது. ஒழுகுகிற இடத்தில் கட்டியிருந்த தார்ப்பாயை அப்பா அவிழ்த்துவிட்டார்.

"யம்மா, இல்லாதவங்களுக்குத்தான் காசு குடுப்பாங்களாம். இத்தப் பாத்தா இன்னா நெனப்பாங்க?" என்றேன்.

"சும்மா கெடடி. கிழிஞ்ச பாயில குந்திக்கினு பேசச் சொல்றியா? நம்ம புள்ளைக்குத்தான கேவலம்?"

போனைப் பிடிக்கிற வேலை எனக்கு. திரையில் ஒரு கட்டத்தில் அக்கா, இன்னொன்றில் கண்ணாடி போட்ட அந்த அம்மா. சோபாவைப் பார்த்ததும் அக்காவின் கண் ஒரு நொடி நின்றது. திட்டப் போகிறாள் என்று காத்திருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

"அப்பா, குடும்பத்துக்கு இன்னா கஷ்டம்னு கேக்கறாங்க."

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "உங்க புண்ணியத்துல ஒரு கொறையும் இல்லீங்க. நல்லா கீறோம்."

வெளியாள் யார் கேட்டாலும் அப்பாவுக்கு இந்த ஒரு பதில்தான். காய்ச்சலில் படுத்திருந்தபோதும் இதையேதான் சொன்னார்.

"சாப்ட்டாங்களான்னு கேளுடி" என்றது அம்மா.

"அப்பா... மெய்யச் சொல்லுப்பா" என்றாள் அக்கா.

"மெய்தாம்மா."

அக்கா எதை இங்கிலீஷில் சொல்வது என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தபோது, மகன் அஜித்தோடு ராஜாம்பாள் அத்தை உள்ளே நுழைந்து அம்மாவைக் கூப்பிட்டது.

"ஏம் பாப்பாத்தி, போயிட்டாங்களா? எம் மருமவன் பஸ்ஸ வுட்டு எறங்கிட்டானாம். சோபாவ எடுத்துக்கினு போறோம்."

கண்ணாடி அம்மா சிரித்தபடி ஏதோ கேட்டார்.

"அவங்க இன்னா சொல்றாங்கன்னு கேக்கறாங்க" என்றாள் அக்கா.

"சொந்தக்காரங்க, நலம் விசாரிக்க வந்தாங்கன்னு சொல்லுக்கா" என்றேன். பொய் சொல்வதில் எனக்கு நல்ல பழக்கம். அக்கா தலையாட்டி மறுத்தாள். பிறகு நிதானமாக இங்கிலீஷில் சொன்னாள். எனக்குப் புரிந்தது 'சோபா' மட்டும்தான். அந்த அம்மாவின் சிரிப்பு நின்றதும் மீதியும் புரிந்தது.

"எழுந்திருப்பா. அவங்க எடுத்துக்கினு போவட்டும்."

அப்பா எழுந்தார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றார். அஜித் சோபாவை இழுத்து வெளியே போட்டான். அம்மா பாயை விரித்தது. நான் வழிவிட்டு ஒதுங்கியதில் போன் கூரையைக் காட்டியது. நான் திருப்பவில்லை.

படிப்பு முடித்து மகள் என்ன செய்வாள் என்பது அடுத்த கேள்வி. ராஜாம்பாள் அத்தை போகாமல் வாசற்படியிலேயே நின்றது. "கம்ப்யூ..." என்று அம்மா ஆரம்பித்தது.

"ஆலத் தண்ணிங்க" என்றார் அப்பா. "நாறுதே, அது. அத்த சுத்தம் பண்ணி காஸ் எடுக்கற வேல. இங்கியே வந்து செய்யும்னு சொல்லுது."

"சாக்கடையா? கம்ப்யூட்டருன்னு சொல்லிக்கினு இருந்தீங்க?" என்றது அத்தை.

அப்பா அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பாயைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கூர ஒழுவுதுங்க. லோடு வந்தாத்தான் கூலி. புள்ளைக்கு அனுப்ப எங்களால முடியல."

அக்கா அதை ஒரே மூச்சில் மொழிபெயர்க்கவில்லை. நடுவில் தண்ணீர் குடித்தாள்.

அன்று சாயங்காலம் எனக்கு மட்டும் போன் செய்தாள்.

"சோபாவப் பாத்ததும் எனக்கும் நிம்மதியாத்தான் இருந்துச்சு தர்ஷினி. அந்தம்மா பாக்கட்டுமேன்னு வாய மூடிக்கினேன். நானே எழுதி உதவி கேட்டுட்டு, நானே... பாவம்டி அப்பா."

பதிலுக்கு ஒரு கிண்டல் தயாராக இருந்தது. விழுங்கிவிட்டு, "பாயி கிழிசல் தெரியாத மாதிரிதான் காட்டினேங்கா" என்றேன். அதுவும் பொய்.

தை முடிவதற்குள் பதில் வந்தது. படிப்பு முடியும்வரை வாடகையை அவர்களே கட்டுவார்களாம். அம்மா சந்தோஷப்படுவதற்கு முன்னால் கேட்டது: "நம்ம நெலம அங்க எத்தினி பேருக்குத் தெரியும்?"

"மூணு பேருக்குத்தாம்மா" என்றாள் அக்கா போனில்.

"அங்க பரவால்ல" என்றது அம்மா. இப்போதெல்லாம் தண்ணீருக்குக்கூட அத்தை வீட்டுப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு போகிறது.

ஆலையில் லோடு இறக்கும்போது கூட வேலை செய்யும் சின்னராசு கேட்டாராம்: "இன்னா தங்கதுர, உம் பொண்ணு நம்ம ஆலச் சாக்கடையப் படிக்கத்தான் சீமைக்குப் போயிருக்குதாமே?"

அப்பா மூட்டையைத் தோளுக்கு ஏற்றிக்கொண்டு, "ஆமா" என்றாராம். தலை குனிந்துதான் இருந்ததாம்; அது மூட்டையின் கனத்தால் என்று அவரே சொல்லிக்கொள்கிறார்.