உப்பளத்து இளவரசி இறங்கும்வரை

கிலேன் தேனோவுக்கு நல்ல பெயர் வாங்க வேண்டும் என்ற ஆசை எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. பூர்-லெ-முலான் நகராட்சி நாடக அரங்கின் வாத்தியக் குழுவில், அவள் எதிரே வந்தால் ஒதுங்கிப் போகிறவர்களே அதிகம். கசாப்புக் கடைக்காரர் மகள். சின்ன வயதில் இசைப் பள்ளிக்கு வயலின் கேட்டுப் போனாள். வயலின்கள் எல்லாம் டாக்டர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் வக்கீல் வீட்டுப் பிள்ளைகளுக்கும் போய்விட்டன, காலிடுக்கில் நிறுத்தி வாசிக்கிற பெரிய வயலின் மாதிரி ஒரு செல்லோதான் மிச்சம், வேண்டுமானால் தூக்கிக்கொண்டு போ என்றார்கள். அந்தக் கோபத்திலேயே அவள் அதைக் கற்றாள். கோபம் சிலருக்குக் கையைக் கெடுக்கும். இவளுக்குக் கையைத் திருத்தியது.

ஃபிர்மன் வாசர் அவளுக்குப் பக்கத்து நாற்காலி. செல்லோக்காரர்களில் இரண்டு பேருக்கு இசைத்தாள் வைக்க ஒரு தாங்கி. சபைப் பக்கம் உட்காருகிறவர்தான் பெரியவர், தனி வாசிப்பெல்லாம் அவருக்கு. உள்பக்கம் உட்காருகிறவர் தாளின் பக்கங்களைத் திருப்ப வேண்டும். முதல் நாற்காலி காலியானபோது ஃபிர்மன்தான் இரண்டு குளிர்காலம் அதில் தற்காலிகமாக உட்கார்ந்திருந்தான். கடைசி வரிசையில் இருந்த கிலேனை அவன் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. பிறகு அந்த நாற்காலிக்குத் திரைக்குப் பின்னால் வைத்துத் தேர்வு நடத்தினார்கள். ஆணா பெண்ணா என்று காலடி காட்டிக் கொடுத்துவிடக் கூடாதென்று செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். கிலேன் வெறுங்காலோடு போய் வாசித்தாள், ஜெயித்தாள். திரை விலகியதும் ஃபிர்மன் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்:

"காது கேக்காதவங்களாப் பாத்துதான் நடுவரா போட்டிருக்காங்க போல."

அதை அவள் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் இல்லை. அன்றிலிருந்து ஒரே தாங்கிக்கு முன்னால் முழங்காலும் முழங்காலும் இடிக்க உட்கார்ந்து, வாய் திறந்தால் குத்தல்தான்.

இந்த நிலையில்தான் இசைத்தட்டுப் பேச்சு வந்தது. பாரிஸ் கம்பெனி ஒன்று, யாரும் சீண்டாத பழைய பிரெஞ்சு பாலே இசைகளாகத் தேடிப் பிடித்துத் தட்டு போட்டுக்கொண்டிருந்தது. 'உப்பளத்து இளவரசி' என்று ஒரு நடனம். அதைப் பாரிஸ்காரர்கள் மறந்தே போயிருந்தார்கள். இந்த ஊர் அரங்கில் மட்டும் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஆடுவார்கள். அதன் நடுவில் செல்லோவுக்கு நீண்ட தனி வாசிப்பு உண்டு. சேதி கேட்டதும் கிலேன் மனசுக்குள் கணக்குப் போட்டாள். சாயங்காலம் வாசிப்பது சாயங்காலத்தோடு போய்விடும். தட்டு போகாது. தான் போன பிறகும், இது கிலேன் தேனோ வாசித்தது, வேறு எவனுடையதும் இல்லை என்று சொல்ல உலகத்தில் ஒரு பொருள் இருக்கும். அவள் வாழ்க்கையில் அவ்வளவு ஆசைப்பட்டது வேறொன்றும் இல்லை.

"தட்டுல உங்க மூஞ்சி தெரியாது மதாம். அது ஒரு நல்லது," என்றான் ஃபிர்மன்.

"நீங்க பக்கம் திருப்பறது அதுல கேக்காம பாத்துக்குங்க முசியே. அது ஒண்ணுதான் உங்க வேலை."

குழுவை நடத்தப் பாரிஸிலிருந்து கெர்வெல் என்று ஒருவர் வந்தார். கழுத்தைச் சுற்றிப் பட்டுத் துணி, கையில் கோல், முகத்தில் எரிச்சல். வந்த அன்றே, "இது மூணாந்தர இசை. அதை நாலாந்தர ஆளுங்க வாசிக்காம இருந்தா போதும்," என்றார். அறுபது பேரும் ஒரே நொடியில் அவருக்கு எதிரி ஆனார்கள். மேடையில் நாற்காலி போட்டு, மைக்குகள் தொங்கவிட்டு, சுவரில் சிவப்பு விளக்கு மாட்டியிருந்தார்கள். ஒலிப்பதிவைக் கவனித்த மத்மசேல் ப்ரூனெல் அடுத்த அறையில் இருந்தாள். அவள் குரல் மட்டும் ஒலிபெருக்கியில் வரும்.

சிவப்பு விளக்கு எரிந்தது. கிலேன் தொடங்கினாள். முதல் பாதி தேனாகப் போயிற்று. பக்கம் முடிகிற இடத்தில் ஃபிர்மன் தாளைத் திருப்பினான். சரக்கென்று ஒரு சத்தம். அவன் வேண்டுமென்றே செய்தானா, கை வியர்த்திருந்ததா என்று கேட்டால் அவனுக்கே தெரியாது என்பான், கிலேனுக்குத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு மேலே போனாள். உச்சியில் ஒரு சுரம் வரும். தாளில் அது மற்றச் சுரங்களைப் போலச் சாதாரணமாகத்தான் இருக்கும். அந்தச் சுரத்தில் அவள் வில் நின்றது. நின்றதென்றால், இழுத்துக்கொண்டே, அடுத்த சுரத்துக்கு நகராமல். குழு முழுக்க அவளோடு நின்றது. கெர்வெலின் கோல் மட்டும் தனியாக இறங்கி, மேலே போய், மறுபடி இறங்கி, காற்றில் அசிங்கப்பட்டது.

"நிறுத்துங்க! யாருக்காக நிக்கறீங்க?"

கிலேன் நிமிர்ந்து பார்த்தாள். "அவ இறங்க வேணாமா?"

"யாரு?"

"இளவரசி."

உப்புக் குவியல் மேல் ஒற்றைக் கால் விரல் நுனியில் இளவரசி நிற்கிற இடம் அது. அவள் எவ்வளவு நேரம் நிற்கிறாளோ அவ்வளவு நேரம் செல்லோ அந்தச் சுரத்தைத் தாங்க வேண்டும். குதிகால் தரையில் பட்டதும்தான் அடுத்தது. இந்த அரங்கில் அதை வேறு மாதிரி வாசித்த ஆள் கிடையாது. நடனக்காரி இல்லாத மேடையில் அறுபது பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் இறங்கக் காத்திருந்தார்கள் என்பது அவர்களுக்கே அப்போதுதான் உறைத்தது. பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்.

"இளவரசி வரல மதாம்," என்றார் கெர்வெல். "அவளுக்கு ரயில் தப்பிப்போச்சு. நீங்க தாளைப் பாத்து வாசிங்க. எழுதத் தெரிஞ்ச மனுஷன் எழுதின அளவு அது."

இரண்டாம் முறை பக்கம் சத்தமில்லாமல் திரும்பியது. அவள் நிற்கக் கூடாது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே போனாள். அந்த இடம் வந்தது. நின்றாள். அறுபது பேரும் நின்றார்கள்.

கெர்வெல் கோலால் தாங்கியை அடித்தார். "பக்கத்துல இருக்கறவர் வாசிக்கட்டும். இடம் மாறுங்க."

ஃபிர்மன் முகத்தில் பல வருஷப் பசி தெரிந்தது. அதை மறைக்க அவன் கைக்குட்டை தேடினான். கிலேன் எழுந்தாள். எல்லார் கண் முன்னாலும் செல்லோவைத் தூக்கிக்கொண்டு உள்பக்க நாற்காலிக்கு மாறினாள். கசாப்புக் கடையிலிருந்து அப்பாவின் பெரிய கத்தியைக் கொண்டு வந்திருக்கலாமே என்று தோன்றியது.

"மன்னிச்சுக்குங்க மதாம்," என்றான் ஃபிர்மன், மெதுவாக. "பக்கம் மட்டும் பாத்துத் திருப்புங்க."

"வாசிங்க. கிழிச்சுடாதீங்க."

அவன் வாசித்தான். நன்றாகவே வாசித்தான், பாவி. பக்கம் முடியப் போகிறது. சரக்கென்று ஒரு இழுப்பு இழுத்தால் போதும், அவன் வாசிப்பு குப்பைக்குப் போய்விடும். அவள் விரல் தாளின் ஓரத்தைப் பிடித்துவிட்டது. ஆனால் கிலேனுக்குப் பக்கம்கூடத் திருப்பத் தெரியவில்லை என்று நாளைக்கு இந்த ஊர் பேசும். அதை நினைத்ததும் தாளைப் பூப்போலத் திருப்பினாள். அது நல்ல மனசு இல்லை, திமிர்.

உச்சிச் சுரம் வந்தது. ஃபிர்மனின் வில் நின்றது. அவளுடையதைவிட ஒரு இழை கூடவே நின்றது. கோல் அந்தரத்தில் தொங்கியது. பிறகு வில் இறங்கிற்று, குழு இறங்கிற்று, பாட்டு முடிந்தது. கெர்வெல் வாயைத் திறப்பதற்குள் தொழிற்சங்கத்து ஆளான பசூன் வாத்தியக்காரர் கையைத் தூக்கினார். வேலை நேரம் முடிந்துவிட்டது. அறுபது பேரும் ஒன்றாக எழுந்து வாத்தியத்தைப் பெட்டியில் வைத்தார்கள். கெர்வெல் கோலைச் சடக்கென்று உடைத்து எறிந்துவிட்டு ரயிலடிக்குப் போனார்.

மத்மசேல் ப்ரூனெல் வெளியே வந்தாள். "கவலைப்படாதீங்க, மூணையும் வெட்டி ஒண்ணா ஒட்டிடுவேன். முதல்ல மதாம், அப்புறம் முசியே."

"எந்த இடத்துல?" என்றாள் கிலேன்.

"ஒட்டு தெரிஞ்சா அப்புறம் நான் எதுக்கு?"

வசந்தத்தில் தட்டு வந்தது. அரங்குக்கு எதிரே இருந்த காப்பிக் கடையில், சிக்கரி காப்பியும் பியருமாக எல்லாரும் கூடினார்கள். உறையில் குழுவின் பெயரும் கெர்வெலின் பெயரும்தான். செல்லோ வாசித்தது யார் என்று போடவில்லை. கடைக்காரர் தட்டின் மேல் முள்ளை வைத்தார். கிலேன் கண்ணை மூடிக்கொண்டாள். தன் கை தனக்குத் தெரியாதா? தான் விடுகிற இடமும் அந்தப் பயல் தொடங்குகிற இடமும் வெட்டுக்காயம் மாதிரி தெரியும் என்றுதான் நினைத்தாள்.

தெரியவில்லை. பக்கம் திரும்புகிற சத்தம் இல்லை; ஆனால் அவளுடைய இரண்டாம் வாசிப்பிலும்தான் அது இல்லை. மறுபடி வைக்கச் சொன்னாள். இன்னொரு தடவை. ஒரு இழுப்பு தன்னுடையது என்று தோன்றும். அடுத்த தடவை அதே இழுப்பு அவனுடையதாக இருக்கும். எதிர் மேசையில் ஃபிர்மன் பியரைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான். அவனும் அதையே தேடுகிறான் என்று பார்த்தாலே தெரிந்தது.

கிலேன் எழுந்து அவன் மேசைக்குப் போனாள்.

"பக்கத்துல உக்காந்து உக்காந்து என் வாசிப்பைத் திருடியிருக்கீங்க. அந்த நிறுத்தம் என்னோடது."

ஃபிர்மன் நிமிர்ந்தான். அவன் முகத்தில் கேலி இல்லை, அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"நான் நிக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன் மதாம். உங்களை விட நேரா வாசிச்சுக் காட்டணும்னு. முடியல. ஆனா ஒண்ணு கேக்கறேன். நீங்க கடைசி வரிசைல இருந்தீங்களே, அந்த ரெண்டு குளிர்காலம். அப்ப அந்தச் சுரத்துல நின்னது யாரு? நீங்க யார்கிட்டக் கத்துக்கிட்டீங்க?"

கிலேனிடமிருந்து ஒரு வசவாவது வரும் என்று கடை முழுக்கக் காத்திருந்தது. அவள் மேலங்கியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

மறுநாள் காலை வீட்டு ஜன்னலை அடைத்துவிட்டு செல்லோவை எடுத்தாள். இளவரசி கிடையாது, மேடை கிடையாது, அவனும் கிடையாது. அந்தச் சுரத்தைத் தாளில் எழுதிய அளவுக்கு வாசித்து மேலே போய்விடுவது, அவ்வளவுதான் வேண்டியது. அவன் வாசிப்பு தன் கையில் ஒட்டியிருந்தால் அதோடு போகட்டும். முதல் தடவை நின்றது. இரண்டாம் தடவை கையைத் திட்டிக்கொண்டே வாசித்தாள், நின்றது. மதியம்வரை முயன்றாள். அந்த இடம் வரும்போதெல்லாம் வில் அவளைக் கேட்காமல் நின்றது, ஃபிர்மன் நிற்கிற மாதிரியே நின்றது, அவள் அழுதுகொண்டே அதைத் தாங்கினாள்.