பின்வளவு வேலிக்கு மூன்று எஸ்டிமேட்

அரசாங்கக் கச்சேரியில் முப்பத்தொரு வருஷம் கிளாக்கராக இருந்தவனுக்கு, ஒரு காரியத்தைச் செய்வதைவிடச் செய்யாமல் வைத்திருப்பது நன்றாகக் கைவரும். கடிதம் எழுதலாம், பதிலுக்குக் காத்திருக்கலாம், பதில் வந்தால் அதில் தெளிவில்லை என்று இன்னொரு கடிதம் எழுதலாம். இளைப்பாறிய பிறகு இந்த வித்தையை ஒரே ஒரு தடவைதான் பயன்படுத்தினேன். என் சொந்த வேலிக்கு.

கண்டியில், பேராதனைப் பக்கம் போகும் வீதிக்குக் கீழே சரிவில் எனக்கு ஒரு சிறு வீடு. மனைவி இறந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. மகன் மலாயாவில். மாதம் ஒரு கடிதம் வரும். சுகம் விசாரித்துத் தொடங்கி மூன்றாவது வரியில் முடிந்துவிடும். யாழ்ப்பாணத்துக்கே வந்துவிடும்படி உறவினர் எழுதினார்கள். அங்கே எல்லாருக்கும் என்னைத் தெரியும் என்பதால் போகவில்லை.

என் பின்வளவுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே ஒரு பலகை வேலி இருந்தது. காணி உறுதிப் பத்திரத்தின்படி அது என்னுடையது. ஒரு ஆனி மாத மழையில், கறையான் தின்று முடித்த கட்டைகள் பேசிவைத்ததுபோல் ஒன்றாய்ச் சாய்ந்தன. மறுநாள் பின்னேரம் பக்கத்து வீட்டு முதலாளி என் முன்வாசலுக்கு வந்தார். நகரில் புடவைக்கடை வைத்திருந்த முஸ்லிம் மனிதர்; எல்லாரும் நானா என்று கூப்பிடுவார்கள். ஒன்பது வருஷமாக எங்களுக்குள் தலையசைப்பு மட்டும்தான்.

"கிளாக்கர் ஐயா, வேலி வுழுந்து ஈக்கிதே."

"ஓம் நானா, பாத்தனான். செய்விப்பம்."

"பாதிச் செலவ நான் தாரன்."

"உறுதியிலை அது என்ர வேலி. உங்களிட்டை ஒரு சதமும் வாங்கேலாது."

அதோடு அவர் போயிருக்கலாம். போகவில்லை. காற்று வரும் பின்பக்கம் இருப்போமே என்றேன்.

"வாணாம் ஐயா, இங்கினயே இரிப்போம். ரோட்டப் பாத்துக்கிட்டு இரிக்கலாம்."

முன் விறாந்தையில் இரண்டு கதிரை போட்டு உட்கார்ந்தோம். ஜப்பான் சீத்தைத் துணி வந்து கடைக்காரர் எல்லாரையும் தின்கிறது என்றார். அரைமணி நேரம் பேசிவிட்டு எழுந்தார். அடுத்த நாளும் பின்னேரத்து அஸர் தொழுதுவிட்டு வந்தார். அதற்கடுத்த நாளும் வந்தார். ஒரு வாரத்தில், நாலு மணிக்கே இரண்டாவது கதிரையைத் துடைத்து வெளியே வைக்கும் வழக்கம் எனக்கு வந்துவிட்டதைக் கவனித்தேன். வேலி எழுந்தால் இவர் வருவதற்குக் காரணம் இராது என்பதையும் கவனித்தேன்.

எனவே நடைமுறைப்படி செய்வது என்று தீர்மானித்தேன். மரம் அரிந்து விற்கும் நகரத்து மரக்காலையிலிருந்து எஸ்டிமேட் இரண்டே நாளில் வந்தது. கட்டையின் நீளம் குறிக்கப்படவில்லை என்று திருப்பி அனுப்பினேன். தெல்தெனியத் தச்சர் ஒருவருக்கு எழுதினேன். அவர் எந்த மரம் என்று கேட்டு எழுதினார். என்னென்ன மரம் உண்டு என்று நான் கேட்டு எழுதினேன். மூன்றாவதாகக் கலஹாவில் பலாமரம் மலிவு என்று கேள்விப்பட்டு அங்கும் எழுதினேன்.

"எனத்துக்கு ஐயா இவ்வளவு கடதாசி? ஒரு வேலிதானே?"

"மூண்டு எஸ்டிமேட் இல்லாமல் நான் ஒரு ஆணியும் அடிக்கிறேல்லை, நானா."

"கவர்மெண்டு வேலியா இது?"

"கவர்மெண்டு வேலியெண்டால் அஞ்சு கேப்பன்."

சிரித்தார். பிறகு வீதியைப் பார்த்தபடி, "சுருக்கா முடிச்சா நல்லம்" என்றார். அவருடைய கோழிகள் என் வளவைக் கிளறுவதைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாவது வாரம் கலஹாக் கடிதம் வந்தது. பின்னேரம் அவர் வந்ததும் அதைக் காட்டிக் குறை சொல்ல ஆசைப்பட்டு, எடுத்துவர எழுந்தேன். அவர் பாதி எழுந்து, "இரிங்க ஐயா, நாளைக்குப் பாக்கலாம்" என்றார். நான் போய்விட்டேன். கடிதம் பின்னறை மேசையில் இருந்தது. யன்னல் திறந்திருந்தது.

வேலி விழுந்த இடத்துக்கு அப்பால், அவர்கள் கிணற்றடியில் அவருடைய மனைவியும் இரண்டு மகள்மாரும் நின்றார்கள். ஒருத்தி துவைக்க, ஒருத்தி அள்ள, தாய் குடங்களை நிரப்பிக்கொண்டிருந்தாள். யாரும் பேசவில்லை. யாரோ மணிக்கூடு பிடித்து நிற்பதுபோல் அவ்வளவு அவசரம். பிற ஆண்கள் கண்ணில் படாமல் வாழும் பெண்கள். அள்ளிக்கொண்டிருந்தவள் என்னைக் கண்டாள். வாளி கயிற்றோடு கிணற்றுக்குள் போயிற்று. யன்னலைச் சாத்தினேன்.

முன்னால் வந்தபோது அவர் நின்றுகொண்டிருந்தார்.

"வேலி இல்லாம பகல்ல பின்பக்கம் வர ஏலாது அதுகளுக்கு. நீங்க முன்னுக்கு இரிக்கிற இந்த அரமணித்தியாலந்தான்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபித்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். படியிறங்கும்போது திரும்பி, "பேச்சும் நல்லாத்தான் இரிந்திச்சு ஐயா" என்றார். அளந்து வெட்டிய பிறகும் ஒரு விரற்கடை கூடக் கொடுப்பது புடவைக்காரர் வழக்கம்.

மறுநாள் காலை மரக்காலை திறக்குமுன் வாசலில் நின்றேன். விலை பேசாமல் வேலையை ஒப்புக்கொடுத்தது வாழ்க்கையில் அதுவே முதல் தடவை. நாற்பத்தாறு ரூபாய்; கலஹாக்காரர் கேட்டதைவிடப் பதினொரு ரூபாய் அதிகம். மூன்று நாளில் வேலி எழுந்தது. பலாக் கட்டைகள், அடியில் தார், ஆள் உயரத்துக்கு மேலே ஒரு அடி பலகை. வேலை முடித்த சிங்களத் தச்சர் கட்டையைக் கையால் தட்டி, "பதினஞ்சு வருசம் பயமில்ல மாத்தயா" என்றார். எனக்கு அப்போது அறுபத்திரண்டு.

அன்று பக்கத்து வீட்டிலிருந்து ஒரு தட்டில் தொதல் இனிப்பு வந்தது, முன்வாசல் வழியாக, கடை ஆள் கையில். நாலு மணிக்குக் கதிரையை வெளியே வைத்தேன். மறுநாளும் வைத்தேன்.

இப்போது வாளிச் சத்தம் காலை பத்து மணிக்கும் கேட்கிறது, மத்தியானத்திலும் கேட்கிறது. பெண்கள் சத்தமாகச் சிரிக்கிறார்கள், சண்டை பிடிக்கிறார்கள். முதலாளி வீதியில் கண்டால் முன்னையைவிட நன்றாகவே தலையசைக்கிறார். "கடப் பக்கம் வாங்களே" என்பார். "வாறன்" என்பேன். எனக்கு வேட்டி போதுமான அளவு இருக்கிறது.

ஒவ்வொரு வருஷமும் மழை விட்ட பிறகு பின்வளவுக்குப் போய், கட்டைகளை ஒவ்வொன்றாகக் கையால் தள்ளிப் பார்க்கிறேன். ஒன்றும் அசைவதில்லை. நல்ல பலா.