பதினோரு நாள் பூட்டு

மதுக்கடை ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியதும் ஊரே நியாயம் பேசக் கிளம்பிவிட்டது. "இவனுங்களுக்கு ஸ்டிரைக் ஒண்ணுதான் கேடு" என்றார் பேருந்து நிறுத்தத்தில் ஒருவர். "இப்படியே மூடிக் கிடக்கட்டும், புண்ணியமாப் போகும்" என்றார் பக்கத்தில் நின்ற டீச்சர். குடிப்பவர்கள் வைதார்கள், குடிக்காதவர்கள் வாழ்த்தினார்கள். பதினான்கு வருஷமாகத் தற்காலிக ஊழியர்களாகவே இருக்கிறோமே, நிரந்தரமாக்குங்கள் என்று அவர்கள் கேட்டதை மட்டும் ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கோஷம் போட்டுப் போட்டு, அவர்களில் ஒருவனான இந்தக் கடை விற்பனையாளனுக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

அவனுடைய அக்கா தினமும் போராட்டப் பந்தலுக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். அக்கா புருஷன் தச்சர். குடிக்காவிட்டால் தங்கமான மனுஷன். ஊரில் எல்லா மதுக்கடையும் பூட்டிக் கிடந்ததில் முதல் நான்கு நாள் கை நடுங்கி, வீட்டில் எரிந்து விழுந்தார். ஏழாம் நாள் வேலைக்குப் போனார்.

"தம்பி, நேத்து எங்க பொண்ணோட உக்காந்து சிரிச்சுப் பேசிச் சாப்பிட்டார்டா. இன்னும் ஒரு மாசம் இழுங்கடா. உன் கால்ல வேணா விழறேன்."

"இழுத்தா என் வேலையே போயிடும்க்கா."

அக்கா பாத்திரத்தை மூடினாள்.

பதினோராம் நாள், 'பரிசீலிக்கிறோம்' என்று மேலிடம் சொன்ன ஒற்றை வார்த்தையை வாங்கிக்கொண்டு சங்கத் தலைவர் போராட்டத்தை முடித்துவைத்தார். மறுநாள் பகல் ஷட்டரைத் தூக்கியதும் கூட்டம் முண்டியடித்தது. வைத வாயெல்லாம் "அண்ணே, அண்ணே" என்று குழைந்தது.

வாடிக்கையாளர் தெரிந்த முகமாக இருந்தால், அவர் கேட்கும் முன்பே விற்பனையாளன் அவருடைய சரக்கை எடுத்து வைத்துவிடுவான். வரிசை நகர வேண்டுமே. அன்றும் அவன் கை அப்படித்தான் ஓடியது. கவுன்ட்டர் கம்பிக்கு வெளியே ஒரு முகம் தெரிந்தது. கை ஒரு குவார்ட்டர் பாட்டிலை எடுத்து வைத்தது. அதற்குப் பிறகுதான் அது யார் என்று அவனுக்கு உறைத்தது.

"இல்ல மாப்ள" என்றார் அக்கா புருஷன். குளித்து, துவைத்த சட்டை போட்டிருந்தார். பாட்டில் அதற்குள் அவர் கைக்குப் போயிருந்தது. "உன்னைச் சாப்பிடக் கூப்பிட்டு வரச் சொன்னா அக்கா. அதுக்குத்தான் வந்தேன்."

"ஐயோ மாமா, தெரியாம வெச்சிட்டேன். குடுத்துடுங்க!" என்று பதறிக் கையை நீட்டினான்.

அவர் பாட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வாங்கியாச்சுல்ல, நகருய்யா!" என்று பின்னால் நின்றவன் தள்ளினான்.

அவர் ரூபாய் நோட்டைக் கம்பிக்கு உள்ளே வைத்துவிட்டு பாட்டிலை இடுப்பில் செருகிக்கொண்டார். "அக்காகிட்ட சொல்லிடாத" என்றார். அவன் வாயைத் திறப்பதற்குள் கம்பிக்கு வெளியே அடுத்த முகம் வந்துவிட்டது.